செபஸ்தியாருக்குப் பின்னால் சிவப்பு லைட்டு

என் புருஷன் ஸ்ரான்லியைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள். அவருடைய தம்பி சாள்ஸிடம் போங்கள். அண்ணன் என்ற மரியாதைக்கு அவன் ஏதாவது சொல்லி வைப்பான். புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேறு யாரைக் கேட்டாலும் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், "யாரு, டிரைவரையா கேக்குறீங்க?" என்பார்கள், பிறகு வாயை மூடிக்கொள்வார்கள். அந்த டிரைவருக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறவள் நான். எனக்கென்ன பயம்? நானே சொல்கிறேன்.

அவர் பிறந்தது மேல் டிவிஷனில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் பால் வெட்டினார்கள். இவருக்கு ரப்பர் மரம் பிடிக்காது, வெட்டுக் கத்தி பிடிக்காது, விடியலில் எழும்புவது பிடிக்காது. பள்ளிக்கூடம் அறவே பிடிக்காது. பால் ஏற்றுகிற லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். கழுவித் துடைத்து, டயர் மாற்றி, டிரைவரிடம் ஏச்சு வாங்கி, அப்படியே வண்டி ஓட்டப் பழகினார். தோட்டத்து டபள் கெப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் எம்பிலிப்பிட்டியவில் மகள் வீட்டோடு போய்ச் சேர, தோட்டத்து மனேஜர் பெரிய தொரை இவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம்தான், இறங்கவே இல்லை.

அந்த டபள் கெப் நாலு டயரும் சேர்ந்து இழுக்கிற போர் வீல் வண்டி. மழை பெய்தால் மேல் டிவிஷனுக்கு வேறு எதுவும் ஏறாது. ஆட்டோ பாதி வழியில் வழுக்கும், லொறி புதையும். ஆகவே காய்ச்சல்காரரும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சரி, மழைக்காலத்தில் ஸ்ரான்லியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த முகமோ எப்போதும் புளித்துப்போய்த்தான் இருக்கும். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற மெரினா ஒருநாள் வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இவர் ஜன்னலை இறக்கி, "ஏத்தச் சொல்லி ஆபீஸ் சிட்டு இருக்கா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே ஏறினாள். "சேத்துக் காலை வெளிய தொங்கப் போடு" என்றார். இதை மெரினா சொல்லி நான் கேட்கவில்லை, அவரே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

இவ்வளவையும் நான் ஏன் சகித்தேன் என்று கேட்பீர்கள். வீட்டுக்காகத்தான். கல்யாணம் முடித்த புதிதில் சாள்ஸ் குடும்பத்தோடு ஒரே லயக் காம்பராவில், நடுவில் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தோம். டிரைவர் வேலை கிடைத்ததும் ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் டிரைவர் குவாட்டர்ஸ் தந்தார்கள். இரண்டு அறை, சொந்தக் குழாய், சொந்தக் கக்கூஸ், பூட்டுப் போடக்கூடிய கதவு. வேலை இருக்கிற வரைதான் வீடு. வேலை போனால் மறுபடி மேல் டிவிஷன், மறுபடி பெட்ஷீட். அதனால் அவர் யாரை ஏசினாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டர் போட்டில் ஒரு சிவப்பு லைட்டு எரியத் தொடங்கியது. வட்டத்துக்குள்ளே ஆச்சரியக்குறி. பிரேக் லைட்டு. ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லை. இவர் போனட்டைத் திறந்து பிரேக் ஓயில் ஊற்றினார், அணைந்தது. சில நாள் போக மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினார்.

"ஆபீஸ்ல சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா வண்டியை நிப்பாட்டுவானுங்க. வெளி வண்டி வாடகைக்கு எடுக்கலாம்னு ஏற்கனவே பேசிக்கிட்டு இருக்கானுங்க. வண்டியே இல்லன்னா டிரைவர் எதுக்கு? ஒன் வீடு எதுக்கு?"

அந்தப் பயம் நியாயமானது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நியாயமான பயத்துக்கு இந்த மனுசன் செய்த வைத்தியம் இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.

ஜனவரியில் எங்கள் வேதக் கோயிலில் புனித செபஸ்தியார் திருநாள். பூசை முடிந்ததும் சாமியார் வெளியே வந்து வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். லொறி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் செபஸ்தியார் ஸ்டிக்கர் ஒன்று தருவார்கள். எல்லோரும் அதைக் கண்ணாடியில் மேலே ஒட்டுவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கத்தரிக்கோலை எடுத்து, ஓரத்தை நறுக்கி, மீட்டர் போட்டில் அந்தச் சிவப்பு லைட்டுக்கு மேலே சரியாக ஒட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்குச் சாமியைக் கூலிக்குப் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இது பாவம்ங்க" என்றேன்.

"வாயைப் பொத்து" என்றார்.

கெட்டிக்காரத்தனம் என்றால் அது கெட்டிக்காரத்தனம்தான். எங்கள் பக்கத்தில் சாமிப் படத்தை யார் உரிப்பார்கள்? சர்வீஸுக்கு வந்த சிங்களப் பையன் அதைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டான். கடைத்தெருப் பழனியப்பன் முதலாளி ஒருநாள் முன் சீட்டில் ஏறியவர், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சின்னத் தொரை தினமும் பக்கத்தில் உட்கார்ந்து போனார். செபஸ்தியார் உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிவப்பு எரிகிறதா இல்லையா என்பது இவருக்கே தெரியாமல் போயிற்று. ஞாபகம் வந்தால் ஓயில் ஊற்றுவார், வராவிட்டால் இல்லை.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மேல் டிவிஷனுக்கு அரிசி மூட்டைகள் ஏற்றிப் போனார். சாள்ஸின் பெண்சாதிக்குக் காய்ச்சல் என்று நானும் கூடப் போனேன். திரும்பி இறங்கும்போது மீட்டர் போட்டில் பெட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு எரிந்தது.

"இது என்னங்க?"

"பெட்டரி. ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. ஸ்டியரிங்கைத் திருப்ப அவர் தோளைக் கொடுத்து முக்கினார். அப்போதும் நிறுத்தவில்லை. கடைசியில் போனட்டிலிருந்து புகை கிளம்பி, என்ஜின் நின்று, சேற்றுப் பாதை முடிந்து தார் ரோடு தொடங்குகிற வளைவில் வண்டி மலை ஓரத்து மண்ணில் போய் முட்டியது. கீழே செங்குத்தான இறக்கம், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நான் குதித்து இறங்கி வண்டிச் சில்லுகள் உருளாமல் கல் வைத்தேன். அவர் போனட்டைத் திறந்து பார்த்தார். பேன் பெல்ட் அறுந்து தொங்கியது.

பெல்ட்டை ஏசினார். தோட்டத்தை ஏசினார். "நீ ஏறுன நேரம்" என்று என்னையும் ஏசினார்.

அந்த இடத்திலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு போக ஒரே ஆள்தான் உண்டு, டவுனில் கராஜ் வைத்திருக்கிற கிருஷ்ணராஜ். அவனுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருமுறை அவன் திருத்திக் கொடுத்த வண்டியை இவர் தாறுமாறாக ஓட்டிக் கெடுத்துவிட்டு, பழைய சாமானைப் போட்டான் என்று ஆபீஸில் கோள் சொன்னார். அவனுக்குத் தோட்டத்து வேலை ரொம்ப நாள் கிடைக்காமல் போயிற்று. இப்போதுதான் மறுபடி கொடுக்கிறார்கள். ஆகவே போன் எடுத்தது நான். "சும்மா ஒரு இழுவை போதும்னு சொல்லு" என்று இவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்.

கிருஷ்ணராஜ் லொறியில் வந்தான். ஒரு தடித்த நைலோன் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்திருந்தது. இவர் இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

"அக்கா, வண்டிக்கு என்னாச்சுன்னு கேளுங்க."

"கண்ணு தெரியலையான்னு கேளு" என்றார் இவர்.

இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு என் வாயால் பேசினார்கள். எனக்கு இரண்டு பேரையும் பள்ளத்தில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

"பெல்ட் அறுந்தா பெட்டரி லைட்டும் எரியும், சூடும் ஏறும், அக்கா. ரெண்டும் ஒண்ணா வந்தா அந்த எடத்துலயே நிப்பாட்டணும். சிவப்புன்னா நிப்பாட்டு, மஞ்சள்னா சீக்கிரம் காட்டு. இது டிரைவருக்குத் தெரியாதாமா?"

"பாடம் நடத்த வேணாம், கயித்தைக் கட்டச் சொல்லு. பம்பர்ல கட்டட்டும்."

"பம்பர்ல கட்டுனா பம்பர் மட்டும்தான் டவுனுக்கு வரும். சேசிஸ்ல கொக்கி இருக்கு, அதுலதான் போடுவேன். அக்கா, போர் வீலைக் கழட்டி, கியர் ரெண்டையும் நியூட்ரல்ல போடச் சொல்லுங்க. மாட்டுனபடியே இழுத்தா உள்ளுக்குப் பல்லெல்லாம் அரைஞ்சு போகும்."

இவர் முணுமுணுத்துக்கொண்டு லீவரைத் தட்டினார்.

"சாவியை ஓன்ல வெக்கணும். எடுத்துட்டா ஸ்டியரிங் பூட்டிக்கிரும், வளைவுல நேராப் பள்ளத்துக்குத்தான் போகணும்."

சாவியைத் திருப்பினார். ஓயில் லைட்டு எரிந்தது, பெட்டரி லைட்டு எரிந்தது. கிருஷ்ணராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தான்.

"ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கு. அப்ப பிரேக் லைட்டும் எரியணுமே. எங்க அது?"

"அது பல்ப் போயி கன நாள்" என்றார் இவர்.

கிருஷ்ணராஜின் விரல் செபஸ்தியார் கிட்டவரை வந்தது. படத்தைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். வேறு சாமி என்றாலும் சாமிதானே. அவன் வெளியே போய்ப் பட்டியை மாட்டினான்.

"அக்கா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. எறக்கத்துல பட்டி தொய்யக் கூடாது. தொஞ்சு வெட்டி இழுத்தா அறுந்துரும், அறுந்தா அடிக்கிற அடியில ஆள் செத்துருவான். நான் முன்னுக்கு மெதுவாப் போவேன். பின்னுக்கு அவருதான் பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சுப் பட்டியை இறுக்கமா வெச்சுக்கிட்டு வரணும். என்ஜின் ஓடாம பிரேக் கல்லு மாதிரி இருக்கும். முழுப் பலத்தையும் போட்டு மிதிக்கணும். அந்தப் பிரேக்கை நம்பித்தான் ரெண்டு வண்டியும் எறங்குது."

நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். "தெரியும்" என்றார் இவர்.

"நீங்க என் லொறியில ஏறுங்க அக்கா" என்றான் கிருஷ்ணராஜ்.

இவருக்கு முகம் சிவந்தது. "என் பொண்டாட்டி எவன் லொறியிலயும் ஏற வேண்டியதில்ல. ரோசி, இங்க ஏறு!"

ஏறினேன். ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிருஷ்ணராஜ் லொறிக்குப் போகாமல் ஜன்னலருகே வந்து நின்றான்.

"கடைசியாக் கேளுங்க. பிரேக் நல்லந்தானே?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கடைசியாக எப்போது ஓயில் ஊற்றினார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"நல்லம்னு சொல்லு" என்றார்.

எனக்கு வீடு கண்ணில் தெரிந்தது. பூட்டுப் போட்ட கதவு தெரிந்தது. ஆபீஸுக்கு வேலை செய்கிற கிருஷ்ணராஜ் என்ன பிழை என்று எழுதித்தான் ஆக வேண்டும். நான் வாயைத் திறந்தால் எல்லாம் போகும். கீழே இறக்கமும் தெரிந்தது. வண்டியில் ஏறுகிற பிள்ளைகளை நினைத்தேன், தோட்டத்து ஜனங்களை நினைத்தேன் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். பொய். நான் என் உயிரைத்தான் நினைத்தேன். கையை நீட்டி, நகத்தைக் கொடுத்து, செபஸ்தியாரை உரித்தேன். பாதிதான் வந்தது. அந்தக் கிழிசலுக்குள்ளே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏய்!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

கிருஷ்ணராஜ் அந்தச் சிவப்பைப் பார்த்தான். சுற்றிப் போய்ச் சில்லுகளுக்குக் கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். "ஹேண்ட் பிரேக்கை எறக்குங்க" என்றான். நான்தான் இறக்கினேன். லைட்டு அணையவில்லை. மறுபடி இழுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனட்டைத் திறந்து பிரேக் ஓயில் குப்பியைப் பார்த்தான். அடியில் கொஞ்சம் கறுப்பாகக் கிடந்தது. பின் சில்லின் உட்பக்கத்தில் விரலால் தடவினான், ஓயில் பிசுபிசுவென்று ஒட்டியது. பிறகு நேராக இவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

"நீயெல்லாம் மனுசனா? பிரேக் இல்லாத வண்டியை என் முதுகுல கட்டிவிடப் பாத்தியே. நீ செத்தாச் செத்துப் போ. அக்கா என்ன பாவம் செஞ்சிச்சு?"

இவர் அவனை விட்டுத் திரும்பினார். மேலேயிருந்து மழையில் நனைந்தபடி வேடிக்கை பார்க்க இறங்கி வந்த லயத்து ஆட்களைப் பார்த்து, "பாருங்க, சாமிப் படத்தைக் கிழிச்சிட்டா! திருநாள் படத்தைக் கிழிச்சிட்டா!" என்று கத்தினார். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கிருஷ்ணராஜ் பட்டியைக் கழற்றிச் சுருட்டினான். டவுனுக்குப் போய் கிரேன் வைத்த லொறியை எடுத்து வந்தான். கெப்பின் முன் பக்கத்தைத் தூக்கி மாட்டி, உள்ளே ஒருவரையும் ஏறவிடாமல், ஊர்ந்து ஊர்ந்து இறக்கினான். கிளம்பும் முன்னால் என்னிடம் மட்டும் சொன்னான்: "அக்கா, நான் ஆபீஸ்ல சொல்லாம இருக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க." நாங்கள் இரண்டு பேரும் நடந்து இறங்கினோம். அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். என்னை ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாளில் ஆபீஸில் விசாரணை. பெரிய தொரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கையில் புத்த பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கும். கிருஷ்ணராஜ் கண்ணால் கண்டதைச் சொன்னான். தொரை இவரைப் பார்த்தார்.

"ஸ்ரான்லி, லைட்டை மறைச்சது யாரு?"

இவர் கைகட்டி, தலைகுனிந்து, தேன் ஒழுகுகிற குரலில் சொன்னார்: "மறைக்கணும்னு செய்யல சேர். என் பொம்பளைதான் பக்தியில ஒட்டிருச்சு. அதுக்கு லைட்டு ஏது, என்ன ஏது? நானும் சாமிப் படம்னு உரிக்காம விட்டுட்டேன்."

தொரையின் முகம் இளகியதை நான் பார்த்தேன். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "பக்தி நல்லதுதான்" என்று தன் கைநூலைத் தடவினார். பிறகு என்னைக் கேட்டார். "நீதானா ஒட்டினது?"

ஒரு ஆமாம் போதும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தொரைக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. இவருக்கு ஒரு எச்சரிக்கை, எனக்குப் பைத்தியக்காரி என்று பேர், வீடு வீடாகவே இருக்கும். இவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படிக் கெஞ்சலாக அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. அந்தப் பார்வை எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் ஒட்டல சேர்" என்றேன். "அவருதான் ஒட்டுனாரு. லைட்டு எரியுதுன்னு தெரிஞ்சுதான் ஒட்டுனாரு."

வண்டி அவர் கையை விட்டுப் போயிற்று. ஸ்டோரில் இராக் காவல் வேலை கொடுத்தார்கள். குவாட்டர்ஸைப் புது டிரைவருக்கு விட வேண்டும், நாங்கள் மேல் டிவிஷனில் சாள்ஸோடு போய் இருக்க வேண்டும் என்று கிளாக்கர் சொன்னார். சாமியை உரித்தவளுக்கு வேறென்ன நடக்கும் என்று லயத்தில் பேச்சு.

ஆபீஸ் படியில் இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

"புருஷனுக்காக ஒரு பொய் சொல்ல முடியலையாடி ஒனக்கு?"

"அந்த எறக்கத்துல நான் ஒங்க பக்கத்துலதானேங்க ஒக்காந்திருந்தேன்" என்றேன். "எனக்காக ஒரு உண்மை சொல்ல முடிஞ்சிச்சா ஒங்களுக்கு?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு எனக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.